பூஜையில் வைத்த ரிசீவர்கள்

நஞ்சப்பனைக் கரண்ட் கஞ்சன் என்று சொல்லாதவர்கள் நாச்சிப்பள்ளத்தில் இல்லை. காதுபடவே சொல்வார்கள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் நாலாவது நிறுத்தம் அந்த ஊர். அங்கே இருக்கும் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மெக்கானிக், காவல், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாம் அவர்தான். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, பந்தி முடிந்து கடைசி இலை எழுந்ததும் பந்தல் பல்பை அணைத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார். பெண்ணும் மாப்பிள்ளையும் இருட்டில் நின்றது ஒருமுறை நடந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஊர் இன்னும் சிரிக்கிறது.

சிரிக்காதவள் ஒருத்திதான், கமலாத்தாள். அவர் மனைவி.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம். கமலாத்தாள் சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு கஞ்சி வடிக்கப் பின்வாசலுக்குப் போயிருந்தாள். சமையற்கட்டுப் பக்கம் வந்த நஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். யாருமில்லை, பல்பு மட்டும் எரிகிறது. கை தானாகப் போய் சுவிட்சைத் தட்டிவிட்டது. வடித்த கஞ்சியும் கையுமாகத் திரும்பி வந்தவளுக்கு நிலைப்படி தெரியவில்லை. இடது காலில் கணுக்காலிலிருந்து விரல் வரை வெந்துபோயிற்று. அதோடாவது விட்டாரா? காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், பார்த்து வரக்கூடாதா என்று கேட்டார். பிறகு, ஆளில்லாத இடத்துக்கு வெளிச்சம் எதற்கு என்று வேறு கேட்டார். பதினைந்து நாள் கழித்து, கால் தரையில் ஊன்ற வந்ததும், கமலாத்தாள் தேவிகுளத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் அவளுடைய அண்ணன் கந்தப்பன் ஃபிட்டராக இருந்தான்.

அவள் போன பிறகு நஞ்சப்பன் மூன்று கடிதம் போட்டார். மழை எவ்வளவு பெய்தது, வீட்டு மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது, தென்னை மரத்தில் எத்தனை காய் இறங்கியது என்றெல்லாம் எழுதினார். எழுத வேண்டிய ஒன்று மட்டும் பேனாவுக்கு வரவில்லை. அது தன் தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. நாற்பத்தோரு வயது வரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர்.

புரட்டாசி கடைசியில் அவளிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. நாலே வரி. எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் ஆயா வேலை தருகிறார்கள். ஆயுத பூஜையன்று சாயங்காலத்துக்குள் சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் இங்கேயேதான் இருப்பேன். பூஜையன்று மட்டும் எஸ்டேட் ஆபீஸ் ஃபோனை வேலையாட்களும் தொடலாம் என்பதால் நாலு மணிக்கு டிரங்க் கால் போடுகிறேன். கடிதம் எழுத வேண்டாம், உங்கள் கடிதமெல்லாம் மீட்டர் ரீடிங் மாதிரி இருக்கிறது, வாயால் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் பேச்சு இல்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன் என்பது கடைசி வரி.

நஞ்சப்பன் அந்த இன்லண்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மடிப்பு வழியே கிழியத் தொடங்கியிருந்தது.

எழுபத்து நாலாம் வருஷத்து ஆயுத பூஜை அது. முதல் நாள் சாயங்காலம் அடித்த காற்றில் ஊருக்கு மேற்கே ஒரு தென்னை கரண்ட் கம்பி மேல் சாய்ந்து, இரண்டு போஸ்ட்டும் கூடவே விழுந்துவிட்டன. போஸ்ட் நட்டுக் கம்பி இழுக்க எப்படியும் பூஜைக்கு மறுநாள் ஆகும். ஊருக்குத்தான் கரண்ட் இல்லை, எக்ஸ்சேஞ்சுக்கு உண்டு. எக்ஸ்சேஞ்ச் இருந்த ஓட்டு வீட்டின் பின்னறையில் மரப்பலகை மேல் இருபத்து நாலு கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாட்டரி. கரண்ட் இருக்கும்போது சார்ஜர் அவற்றை நிரப்பி வைக்கும். கரண்ட் போனால் கண்ணிமைக்கிற நேரம்கூட இடைவெளி விடாமல் லைன்களை இணைக்கிற மெஷினை அவை சுமந்துகொள்ளும். பேசிக்கொண்டிருப்பவருக்குக் கரண்ட் போனதே தெரியாது. நஞ்சப்பனுக்கு அந்த ஜாடிகள் மேல் ஒரு தனி மரியாதை. ஜெனரேட்டரும் ஒன்று உண்டு. மாவட்டத்துக்கே பொதுவானது, பாலக்காட்டில் இருந்தது. மழையில் நாலு இடத்துக்கு அது தேவைப்பட்டதால், நாச்சிப்பள்ளத்துக்குப் பூஜையன்று இருட்டிய பிறகுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பூஜை நாளில் யார் பேசப் போகிறார்கள்? மெஷின் சும்மாதான் கிடக்கும். சும்மா கிடந்தால் ஜாடிகள் மறுநாள் மதியம் வரை தாங்கும். காலை எட்டு மணிக்குச் சுவரிலிருந்த வோல்ட் மீட்டரைப் பார்த்தார். முள் நாற்பத்தெட்டரையில் நின்றது. நாற்பத்து நாலுக்குக் கீழே போனால்தான் ஆபத்து. திருப்தியோடு இடுக்கி, திருப்புளி, டெஸ்ட் ஃபோன் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஜாடிகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு. பொரியும் கடலையும் படைத்துச் சூடம் காட்டினார். சாமியிடம் அவர் கேட்டது ஒன்றுதான், நாலு மணிக்கு நாக்கு ஒத்துழைக்க வேண்டும்.

பதினொரு மணிக்குத் தற்செயலாகத்தான் மீட்டரைப் பார்த்தார். முள் நாற்பத்தேழில் இருந்தது. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று விரலால் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் நாற்பத்தாறரை.

நஞ்சப்பன் பின்னறைக்கு ஓடி ஜாடி ஜாடியாகப் பார்த்தார். கசிவு இல்லை, விரிசல் இல்லை, பொட்டு வைத்த இடத்தில் சந்தனம்கூட வழியவில்லை. இந்த வேகத்தில் இறங்கினால் இரண்டு மணிக்கெல்லாம் மெஷின் செத்துவிடும். நாலு மணிக்குத் தேவிகுளத்திலிருந்து ஒருத்தி கூப்பிடுவாள். அந்தப் பக்கம் பதில் இல்லைம்மா என்று ஆபரேட்டர் சொல்லுவாள். அவ்வளவுதான்.

அப்புறம்தான் மெஷினைத் திறந்து பார்க்கத் தோன்றியது. ஊரில் இருந்த ஃபோன்கள் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் மெஷினில் ஒரு ரிலே உண்டு, அதாவது ஒரு சின்னக் காந்தம். வீட்டில் ரிசீவரை எடுத்தால் அந்தக் காந்தம் தன் இரும்புத் தகட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரிசீவரை வைத்தால் விட்டுவிடும். பிடித்திருக்கிற வரை கரண்ட் குடிக்கும். சாதாரண நாளில் ஒரே நேரத்தில் நாலைந்து பிடித்திருந்தாலே பெரிது. இப்போது எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

முப்பத்தொரு வீட்டில் ஒரே நேரத்தில் பேசுகிறார்களா? மெஷினில் அப்படிப் பேச இடமே இல்லையே. டெஸ்ட் ஃபோனைக் காதில் வைத்து ஒரு லைனைத் தொட்டார். பேச்சு இல்லை. தூரத்தில் மணி ஆட்டும் சத்தம் கேட்டது, யாரோ தேங்காய் உடைத்தார்கள். இன்னொரு லைனில் பக்கத்திலேயே யாரோ பொரி மென்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவதில் கோழி. ஒன்றாம் நம்பர் லைனில் நல்ல கனமான குறட்டை. அது மிராசுதார் குப்பண்ணன் வீடு. பூஜைப் பலகாரம் சாப்பிட்டதும் பூஜை அறைக்கு முன்னால்தான் பாய் விரித்துப் படுப்பார்.

விஷயம் நஞ்சப்பனுக்குப் பளிச்சென்று விளங்கியது. போன வருஷம் குப்பண்ணன் வீட்டில் சூடம் காட்டுகிற நேரம் பார்த்து டெலிபோன் மணி அடித்துத் தொலைத்தது. அந்த வருஷம் இரண்டு எருது செத்ததற்கு அதுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். இந்த வருஷம் டெலிபோனையும் பூஜையில் வைப்போம், ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுவோம், அதுவும் ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று அவர் சந்தையில் நின்று சொன்னதை நஞ்சப்பனும் விளையாட்டுப் பேச்சென்று கேட்டுவிட்டு வந்திருந்தார். பெரிய வீட்டுப் பேச்சை ஊர் தட்டுமா? முப்பத்தொரு வீட்டிலும் ரிசீவருக்குத் தனியாகப் பொட்டு வைத்துப் பூப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை செய்யாமல் தொடுகிற வழக்கமில்லை.

வழி ஒன்று அவர் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. சுவரோரம் இருந்த சட்டத்தில் லைனுக்கு ஒரு ஃபியூஸ். முப்பத்தொரு ஃபியூஸையும் பிடுங்கிப் போட்டால் முப்பத்தொரு காந்தமும் விட்டுவிடும். ஐந்து நிமிஷ வேலை. அரசாங்க ஒழுங்குப்படி அப்படிச் செய்யக் கூடாது, ஆனால் பூஜையன்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நாளைக் காலையில் திரும்பச் சொருகிவிடலாம். கைக்கு எட்டிய ஒரு ஃபியூஸின் மேல் இரண்டு விரலையும் வைத்துவிட்டார்.

வைத்த விரல் அங்கேயே நின்றது. இருபத்தாறாம் நம்பர் அது, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு. பதினெட்டில் மூச்சிழுப்பில் அவதிப்படும் ஈளை நோய்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு அவசரத்துக்கு யாராவது ஓடிவந்து ரிசீவரை எடுத்தால், உயிரில்லாத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆளில்லை என்று நினைத்து அணைப்பதுதானே இதுவும்? நஞ்சப்பனுக்குச் சமையற்கட்டு நிலைப்படி கண்முன் வந்தது. கஞ்சி சிந்திய தரை வந்தது. விரலை எடுத்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். சைக்கிளுக்கும் காலையில் அவரே பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார். பூஜையில் வைத்ததுதான். சாமி மன்னிக்கட்டும் என்று ஏறி மிதித்தார்.

முதல் இரண்டு வீட்டில் காரியம் நடக்கவில்லை. முதல் வீடு பலசரக்குக் கடைக்காரர். ரிசீவரை எடுத்து வைத்திருப்பதால் பாட்டரி தீர்ந்துபோகிறது என்று நஞ்சப்பன் விளக்கினார். எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டுக் காட்டினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பொரி உருண்டை கொடுத்தார். பூஜையில் வைத்ததைத் தொடுவது மட்டும் முடியாது என்றார். அடுத்த வீட்டிலும் அதே கதை. அங்கே சுண்டல். கரண்ட் கஞ்சன் பூஜையன்றும் கணக்குப் பார்க்க வந்துவிட்டார் என்று திரும்பும்போது ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. வழக்கமாகச் சுடாத அந்தப் பேச்சு அன்றைக்குச் சுட்டது.

மூன்றாவது வீடு மயிலாத்தாளுடையது. புருஷன் போன பிறகு எண்ணெய் மில்லைத் தனியாளாக நடத்தும் அம்மாள். மில்லுக்கு முன்னால் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே மோட்டாருக்கும் தராசுக்கும் நடுவில் மனை போட்டு டெலிபோனை உட்கார்த்தியிருந்தாள். அதன் பக்கத்தில் செவ்வந்தி மாலையோடு ரிசீவர் படுத்திருந்தது. நஞ்சப்பனைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஆம்பியர் கணக்கு இங்கேயும் எடுபடாது என்று தெரிந்துபோயிருந்ததால், வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அக்கா, இது படுத்திருக்கறாப்பல உங்களுக்குத் தெரியுது. அங்க எக்ஸ்சேஞ்சுல இதுக்குன்னு இருக்கற ரிலே காலைல இருந்து எந்திரிச்சு நிக்குது. நீங்க எப்பப் பேசுவீங்க, எப்ப நம்பர் சுத்துவீங்கன்னு காதக் குடுத்துட்டே நிக்குது. எடுத்த ரிசீவரு வேலை செய்யற ரிசீவருங்க."

மயிலாத்தாள் டெலிபோனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்ப வெச்சாத்தான் அது ஓய்வுங்களா?"

"ஆமாங்க."

"அட சாமி. ஓய்வு குடுத்தோம்னு நெனச்சு, பூஜையன்னிக்குப் போயி நிக்க வெச்சு வேலை வாங்கிட்டு இருக்கறமா?"

எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். டெலிபோன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாலையோடேயே ரிசீவரைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள். கொஞ்சம் சூடம் எடுத்து மறுபடியும் காட்டினாள். காலையில் செய்த தப்புக்கு அது சரியாய்ப் போயிற்று என்பது அவள் கணக்கு.

நஞ்சப்பன் பதினேழு வருஷமாக இந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறார், வைப்பதுதான் ஓய்வு என்கிற பேச்சு தனக்குத் தோன்றவில்லையே என்றிருந்தது. ஆம்பியரையெல்லாம் அங்கேயே மூட்டை கட்டிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் பாட்டரி என்ற வார்த்தையே எடுக்கவில்லை. ஃபோன் நின்றுகொண்டே இருக்கிறது, ரிசீவரை அதன் இடத்தில் வைத்து ஓய்வு கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். பெண்கள்தான் உடனே புரிந்துகொண்டார்கள். பூஜையன்று அரிவாள்மணையைத் தொடாமல் முதல் நாளே காய் நறுக்கி வைக்கிறவர்களுக்கு, வேலை செய்கிற ஆயுதம் எது, ஓய்வெடுக்கிற ஆயுதம் எது என்பது தெரியாதா? மயிலாத்தாளும் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் மேற்குத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனாள். பொரியும் சுண்டலும் வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரர்களுக்கு வருத்தம் என்பதால் நஞ்சப்பன் எல்லாவற்றையும் வேட்டி மடியில் வாங்கிக்கொண்டார். முன்பு முடியாது என்று அனுப்பிய கடைக்காரரே இரண்டாம் முறை அவரைக் கண்டதும், வைத்துவிட்டேன் என்று கடையிலிருந்தே கைகாட்டினார்.

கடைசியில் குப்பண்ணன் வீடு. மணி மூன்றேகால். மிராசுதார் தூங்கி எழுந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். யோசனை தன்னுடையது என்பதால் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார்.

"ஏம்ப்பா, அது காதத் தொறந்துட்டே இருந்துச்சுன்னா, இங்க பேசறதெல்லாம் அங்க கேக்குமா?"

குறட்டை நஞ்சப்பனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் கேக்கலீங்க."

குப்பண்ணன் அவசரமாக எழுந்து போய் ரிசீவரை வைத்த சத்தம் வாசல் வரை கேட்டது. நஞ்சப்பன் அதற்குள் சைக்கிளில் ஏறியிருந்தார்.

எக்ஸ்சேஞ்ச் கதவைத் திறந்ததும் நேரே மீட்டரிடம் போனார். மீட்டர் நாற்பத்து நாலைத் தொட்டிருக்கும் என்றுதான் நினைத்து வந்தார். முள் நாற்பத்தைந்தில் இருந்தது. சுமை இறங்கியதும் ஜாடிகள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு அரை வோல்ட் எழுந்திருந்தன. மெஷினைத் திறந்தார். ஒரு காந்தம்கூடப் பிடித்திருக்கவில்லை. இவ்வளவு அமைதியாக அந்த மெஷினை அவர் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் அதற்கு நிஜமான ஆயுத பூஜை என்று நினைத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

நாலு மணி ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

நாலு பத்து. மேஜை மேலிருந்த எக்ஸ்சேஞ்ச் ஃபோனை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று ஒரு யோசனை. எடுத்த நேரத்தில் கால் வந்துவிட்டால்? எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மனசுக்குள்கூட அது பாதியில் நின்றது. நாலு இருபதுக்கு முள் நாற்பத்து நாலே முக்காலுக்கு வந்திருந்தது. தேவிகுளத்திலும் மழையாக இருக்கலாம், லைன் கிடைக்காமல் இருக்கலாம், கமலாத்தாள் மனசு மாறி மடுவத்து வேலைக்குச் சரி என்று காலையிலேயே சொல்லியிருக்கலாம். கடைசியாக நினைத்ததில்தான் மனசு போய் நின்றது. அந்த வீட்டில் இனி அவர் ஒருவருக்கு எத்தனை பல்பு வேண்டும்?

நாலு முப்பத்தைந்துக்கு மணி அடித்தது. அடித்த அடியில் முள் நாற்பத்து நாலரைக்கு இறங்கியது. தேவிகுளம் கால், பேசுங்கள் என்றாள் ஆபரேட்டர். இரைச்சலுக்கு நடுவில் ஒரு மூச்சு கேட்டது.

"நாந்தானுங்க" என்றாள் கமலாத்தாள்.

"கமலா, வோல்ட்டேஜு நாப்பத்தி நாலரைல நிக்குது. எந்நேரமும் அறுந்துரும்."

இதைச் சொல்லவா நாலு மாதம் காத்திருந்தோம் என்று அவருக்கே ஆத்திரம் வந்தது. அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்தான். பயந்துபோய், எதையாவது சொல்லி நிரப்ப வேண்டுமே என்று நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். தென்னை விழுந்தது, குப்பண்ணன் யோசனை, முப்பத்தொரு ரிசீவர், வீடு வீடாகப் போனது, மடியிலிருக்கும் பொரி வரைக்கும் சொன்னார். கமலாத்தாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மெக்கானிக்குக் கழுத்தை நீட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆனவள், அவளுக்குத் தெரியாததா? அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஃபியூஸைப் புடுங்கியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்குமுங்களே. ஊரெல்லாம் ஏன் சுத்துனீங்க?"

நஞ்சப்பன் சுவரோரம் இருந்த ஃபியூஸ் சட்டத்தைப் பார்த்தார்.

"கைய வெச்சேன் புள்ள. ஆளிருக்கறாங்களா இல்லியான்னு பாக்காம அணைக்கறதுக்கு மனசு வரல. ஒருக்கா அப்பிடி அணைச்சுத்தான் உன்ற காலு வெந்துச்சு." செருமிக்கொண்டார். "தப்பு என்னுதுதான். உன்னையப் பாத்து வரச் சொன்னனே, நாந்தான் பாத்து அணைச்சிருக்கோணும். அன்னிக்கே சொல்லியிருக்கோணும், சொல்லத் தெரியல."

மூன்று நிமிஷம் ஆயிற்று, நீட்டவா என்று ஆபரேட்டர் நடுவில் வந்தாள். நஞ்சப்பன் மீட்டரைப் பார்த்தார். நாற்பத்து நாலே காலுக்கு வந்திருந்த முள் இன்னும் இறங்குகிற மாதிரி இருந்தது.

"நீட்டுங்க" என்றார்.

கால் போட்டவர்தான் சொல்ல வேண்டும் என்றாள் ஆபரேட்டர். கமலாத்தாள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியாத குரலில் சொன்னாள்.

"நீட்டுங்கம்மா. அவரு வாயில அது வந்ததே பெருசு."

பிறகு அவரிடம், மடுவத்து வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். காலை முதல் பஸ். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறி வர வேண்டும்.

"ஊடு வந்து சேர வெளக்கு வெக்கற நேரம் ஆயிருமுங்க."

"ஆவட்டும். வாசல்ல இருந்து பொறவாசல் வரைக்கும் எரியும். கரண்ட் வராட்டி லாந்தர் வெக்கறேன். ஆளிருந்தாலும் எரியும், இல்லாட்டியும் எரியும்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நீட்டிய மூன்று நிமிஷத்தில் இரண்டுக்கு மேல் மிச்சம் இருந்தது. வைத்துவிடட்டுமா என்று அவள் கேட்கவில்லை, வை என்று அவரும் சொல்லவில்லை. தேவிகுளத்து மழை ஏதோ தகரக் கூரையில் விழுவது லைனில் கேட்டது. நடுவில் அவள் மூக்கை உறிஞ்சினாள். நஞ்சப்பன் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, மீட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேச்சில்லாமல் கரண்ட் பாட்டுக்குச் செலவாகிக்கொண்டிருந்தது. அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.